அன்னா மே வோங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022-ல் அமெரிக்காவின் 25 சென்ட் நாணயம் ஒன்றில் ஒரு நடிகையின் முகம் வந்தது. நெற்றியை மறைக்கும் முன்முடி, கையில் தாங்கிய முகவாய், சுற்றிலும் தியேட்டர் வாசலில் எரியும் விளக்குகள். "யார் இந்தப் பெண்?" என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. பழைய ஊமைப்படங்களைத் தேடிப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. அதனால் இந்தக் கேள்விகள் திரும்பத் திரும்ப என்னிடம் வந்து சேர்கின்றன. தெரிந்ததையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. அன்னா மே வோங்கைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் "பாவம், வாய்ப்பு கிடைக்காமல் போனவர்" என்று முடித்துவிடுகிறார்கள். அவருக்கு அநியாயம் நடந்தது உண்மை, கீழே அதையும் சொல்கிறேன். ஆனால் கிடைத்த இடத்துக்குள் அந்தப் பெண் செய்த வேலை அபாரமானது. அதைப் பார்க்காமல் பரிதாபப்படுவது அவருக்கு இரண்டாவது அநியாயம் என்பது என் எண்ணம்.

அவர் சீனாவிலிருந்து வந்தவரா?

இல்லை. 1905 ஜனவரி 3-ம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த அமெரிக்கர். அப்பாவும் கலிபோர்னியாவில் பிறந்தவர்தான். தாத்தா பாட்டி காலத்தில், அதாவது 1850-களிலேயே, குடும்பம் அங்கே வந்துவிட்டது. வீட்டில் வைத்த பெயர் வோங் லியு சோங். குடும்பப் பெயரை முன்னால் சொல்வது சீன வழக்கம். 'லியு சோங்' என்றால் பனி படர்ந்த வில்லோ மரம். 'அன்னா மே வோங்' என்ற பெயரை அவரே தனக்குச் சூட்டிக்கொண்டார். அப்போது வயது பதினொன்று.

ஊர் அவரை அமெரிக்கராகப் பார்த்ததா என்பது வேறு விஷயம். சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் 1882-ல் வந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்த சீன வம்சாவளியினர் குடிமக்கள்தான் என்று 1898-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும், அதை நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில்தான் இருந்தது. வெளிநாடு போகும்போதெல்லாம் அன்னா மே ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். 'அமெரிக்கக் குடிமகள் என்று சொல்லிக்கொள்ளும் சீன இனத்தவர்' என்பதுதான் அந்தப் படிவத்தின் தலைப்பிலேயே இருந்த பொருள். உலகம் முழுக்கச் சுவரொட்டிகளில் முகம் தெரிந்த காலத்திலும், சொந்த ஊருக்குத் திரும்பி வர அந்தத் தாள் இல்லாமல் முடியாது.

சினிமாவுக்கு எப்படி வந்தார்?

அப்பா சலவைக்கடை வைத்திருந்தார். சீனர் தெருவுக்குப் பக்கத்தில் முதலில் இருந்த குடும்பம், 1910-ல் ஃபிகரோவா தெருவுக்கு மாறியது. அங்கே அவர்கள் ஒரு வீடுதான் சீனர். அக்கம்பக்கம் மெக்சிகோக்காரர்களும் கிழக்கு ஐரோப்பியர்களும். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் செய்த கேலி தாங்காமல், அன்னா மேயையும் அக்காவையும் சீனப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு மாற்ற வேண்டியிருந்தது.

வெளுத்து மடித்த துணி மூட்டைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது பிள்ளைகளின் வேலை. கையில் கிடைக்கும் சில்லறை கொட்டகைக்குப் போகும். அந்தச் சமயத்தில்தான் படக் கம்பெனிகள் நியூயார்க் பக்கமிருந்து கலிபோர்னியாவுக்கு மாறிக்கொண்டிருந்தன. இவர்கள் இருந்த தெருக்களிலேயே கேமராவை நட்டு வைத்துப் படம் எடுப்பார்கள். இந்தச் சிறுமி பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கேயே நின்று, வாய் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பாள். படப்பிடிப்புக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'சி.சி.சி.'. துருதுருவென்று கேள்வி கேட்கும் சீனக் குழந்தை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

1919-ல் 'தி ரெட் லான்டர்ன்' என்ற படத்துக்கு 300 பெண்கள் கூட்டமாகத் தேவைப்பட்டார்கள். அப்பாவுக்குத் தெரியாமல், அப்பாவின் நண்பர் ஒருவர் மூலமாகவே அந்தக் கூட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தார். கையில் ஒரு விளக்கைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான். பெயர்ப் பட்டியலில் இடம் இல்லை. 1921-ல் உயர்நிலைப் பள்ளியை விட்டுவிட்டு முழுநேர நடிகையானார். அப்பா கடைசிவரை இதை மனமுவந்து ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

முதல் கதாநாயகி வேடம் எது?

'தி டோல் ஆஃப் தி சீ', 1922. அப்போது அவருக்கு 17 வயது.

இந்தப் படத்துக்குச் சினிமா சரித்திரத்தில் வேறொரு இடமும் உண்டு. டெக்னிகலர் கம்பெனி தன் இரண்டு வண்ண முறையைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்காகவே எடுத்த படம் இது. கேமராவுக்குள் ஒரு பட்டகம் ஒளியைப் பிரித்து, சிவப்பை ஒரு பதிவாகவும் பச்சையை ஒரு பதிவாகவும் ஏற்றிவிடும். பிறகு இரண்டு மெல்லிய பிலிம்களை முதுகோடு முதுகாக ஒட்டித் திரையிடுவார்கள். தனி விளக்கோ வடிகட்டியோ தேவையில்லை; சாதாரணத் தியேட்டர் புரொஜெக்டரே போதும். நீலம் மட்டும் சரியாக வராது. அதனால் அந்தப் படத்தின் கடல் பச்சை கலந்த ஒரு விசித்திர நிறத்தில் இருக்கும். தோலும் பூக்களும் பட்டுத் துணியும் பிரமாதமாக இருக்கும்.

கதை அந்தக் காலத்துக்குப் பழகிய கதைதான். கடலில் அடித்துவரப்பட்ட அமெரிக்கன் ஒருவனைச் சீனப் பெண் தாமரைப் பூ காப்பாற்றுகிறாள். அவன் அவளோடு வாழ்ந்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறான். வெள்ளைக்கார மனைவியோடு திரும்பி வரும்போது, தன் பிள்ளையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு இவள் கடலில் இறங்குகிறாள்.

கதையை மறந்துவிட்டு முகத்தைப் பாருங்கள். 1922-ல் பல நடிகர்கள் இன்னும் மேடை நாடகத்துக்கு நடிப்பதுபோல் கையை வீசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெண் அசையாமல் நிற்கிறார். பிள்ளையிடம் அவர் பேசும் கட்டத்தில் முகத்தின் கீழ்ப்பாதி சிரித்துக்கொண்டே இருக்கும், கண்ணில் மட்டும் தண்ணீர் சேரும். கேமரா எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது, எவ்வளவு சின்ன அசைவைக்கூட அது பிடித்துவிடும் என்பது அந்த வயதிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெருவில் நின்று கேட்ட கேள்விகள் வீண்போகவில்லை.

அதற்குப் பிறகு ஹாலிவுட்டில் பெரிய நடிகையாகிவிட்டாரா?

புகழ் வந்தது. டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் 1924-ல் பெரும் பொருட்செலவில் எடுத்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தில் மங்கோலிய அடிமைப் பெண்ணாக வந்தார். சின்ன வேடம்தான். ஆனால் படம் ஓடிய ஊரிலெல்லாம் அவரைக் கவனித்தார்கள். அதே வருடம், 19 வயதில், சீனப் புராணக் கதைகளைப் படமாக்கச் சொந்தக் கம்பெனி தொடங்கப் பார்த்தார். கூட்டாளியின் நேர்மையின்மையால் அது வழக்கில் போய் முடிந்தது.

கதாநாயகி வேடம் மட்டும் திரும்ப வரவில்லை. ஹாலிவுட்டில் சீனப் பாத்திரம் நிறைய இருந்தது. ஆனால் நாயகி சீனப் பெண் என்றால், கண்ணோரத்தை இழுத்து ஒட்டிய வெள்ளைக்கார நடிகைதான் நடிப்பார். அன்னா மேக்கு மிஞ்சியது இரண்டு வகை: ஆணுக்காக உயிரை விடும் அப்பாவிப் பெண், அல்லது சூழ்ச்சிக்காரி. இரண்டு பேரும் கடைசி ரீலுக்குள் செத்துவிட வேண்டும். வெள்ளைக்காரக் கதாநாயகனோடு அவர் வாழ்ந்தால் கொட்டகைக்காரர்கள் படத்தை எடுக்க மாட்டார்கள். என் கல்லறையில் 'ஆயிரம் முறை செத்தவள்' என்று எழுதுங்கள், என் சினிமா வாழ்க்கையே அதுதான் என்று பின்னாளில் அவர் சொன்னதாகப் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது.

ஐரோப்பாவுக்கு ஏன் போனார்?

மேலே சொன்னதுதான் காரணம். 1928-ல் பெர்லினுக்குக் கிளம்பினார். அங்கே அவருக்காகவே கதை எழுதினார்கள். 'ஸாங்', 'க்ராஸ்ஷ்டாட்ஷ்மெட்டர்லிங்' என்ற ஜெர்மன் படங்களில் பெயர்ப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. சிந்தனையாளர் வால்டர் பென்யமின் அவரைச் சந்தித்து ஒரு கட்டுரை எழுதினார். அந்த வருடம் பெர்லின் விருந்து ஒன்றில் ஆல்ஃபிரட் ஐசன்ஷ்டெட் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது: பின்னாளில் நாஜிகளை எதிர்த்த நடிகை மார்லீன் டீட்ரிக், அன்னா மே வோங், பின்னாளில் ஹிட்லருக்காகப் படம் எடுத்த லெனி ரீஃபன்ஷ்டால் மூன்று பேரும் தோள் சேர நிற்கிறார்கள். அடுத்த பத்து வருடத்தில் மூவரும் எந்தெந்தத் திசையில் போனார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

ஜெர்மன் கற்றுக்கொண்டார். அரைகுறையாக இல்லை, வியன்னாவில் ஓர் இசை நாடகத்தில் ஜெர்மனிலேயே பேசிப் பாடி நடிக்கும் அளவுக்கு. அவருடைய முதல் பேசும் படம் 1930-ல் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என்று மூன்று மொழிகளில் தனித்தனியாக எடுக்கப்பட்டது. மூன்றிலும் அவரே நடித்தார்.

லண்டனில் 1929-ல் லாரன்ஸ் ஒலிவியேயோடு மேடையேறியபோது விமர்சகர்கள் அவருடைய கலிபோர்னியா உச்சரிப்பைக் கேலி செய்தார்கள். சீனப் பெண் வாயிலிருந்து அமெரிக்க ஆங்கிலம் வந்தது அவர்களுக்கு உறுத்தியது போலிருக்கிறது. அவர் பணம் கட்டி, ஆசிரியர் வைத்து, மேல்தட்டு ஆங்கில உச்சரிப்பைப் பழகிக்கொண்டார். பிற்காலப் படங்களில் நீங்கள் கேட்கும் அந்த அழுத்தமான, நிதானமான குரல் அப்படி உண்டாக்கப்பட்டது.

எல்லோரும் சொல்லும் அந்த 'பிக்காடிலி' படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

1929-ல் வந்த பிரிட்டிஷ் ஊமைப்படம். இயக்கம் ஈ. ஏ. டூப்பான். கதாநாயகி என்று விளம்பரப்படுத்தப்பட்டவர் கில்டா க்ரே. இன்று அந்தப் படத்தை யாரும் அவருக்காகப் பார்ப்பதில்லை.

லண்டனின் ஆடம்பர நடன விடுதி. சாப்பிட வந்த ஒருவர், தட்டு அழுக்காக இருக்கிறது என்று சத்தம் போடுகிறார். அந்தச் சின்ன வேடத்தில் வருபவர் சார்ல்ஸ் லாட்டன். விடுதி முதலாளி என்னவென்று பார்க்க உள்ளே இறங்கிப் போகிறார். சமையற்கட்டு, அதற்கும் பின்னால் பாத்திரம் தேய்க்கும் அறை. ஆவி, ஈரம், அடுக்கு அடுக்காகத் தட்டுகள். வேலை செய்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மேசை மேல் ஒரு பெண் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

கேமரா காலிலிருந்து தொடங்குகிறது. போட்டிருக்கும் காலுறை இழை விட்டுக் கிழிந்திருக்கிறது. மெதுவாக மேலே வருகிறது. ஆட்டம் வேகமானது இல்லை. இடுப்பும் தோளும் கையும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல் மெல்ல அசைகின்றன. கண் பாதி மூடியிருக்கிறது. யாருக்காகவும் அவள் ஆடவில்லை. மேலே, பளபளக்கும் கூடத்தில் கில்டா க்ரே சற்று முன்புதான் கால் சுழல ஆடி முடித்திருக்கிறார். படம் அந்த இரண்டையும் ஒப்பிட்டு எதுவும் சொல்வதில்லை. நமக்கே தெரிந்துவிடுகிறது.

இதில் வரும் ஷோஷோ அப்பாவியும் இல்லை, கொடியவளும் இல்லை. தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவள். சம்பளம் பேசுகிறாள், தன் ஆடையைத் தானே தேர்ந்தெடுக்கிறாள், முதலாளியைக் காக்க வைக்கிறாள். ஆனால் இங்கேயும் சாவுதான். முதலாளியும் அவளும் முத்தமிடும் கட்டமும் படத்தில் இல்லை. உதடு நெருங்கும் முன் காட்சி வெட்டுப்பட்டுவிடும். ஹாலிவுட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகும் இப்படி.

'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தில் அவர் துணை நடிகைதானே?

ஆமாம். 1932-ல் வந்த படம், ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க் இயக்கம், நாயகி மார்லீன் டீட்ரிக். கதை நடப்பது சீன ரயிலில். எடுத்தது பெரும்பாலும் கலிபோர்னியாவில்.

அன்னா மே நடித்த ஹுய் ஃபெய் என்ற விலைமாது அதிகம் பேசுவதில்லை. பெட்டியில் சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு தனியாக ஆடிக்கொண்டிருப்பார். விடுதி நடத்தும் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து, மரியாதைப்பட்டவர்களுக்குத்தான் என் வீட்டில் இடம் என்று பெருமை பேசுவார். உங்கள் விடுதியில் மரியாதை என்பதற்கு என்ன அளவுகோல் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதே என்று, குரலை உயர்த்தாமல், ஹுய் ஃபெய் பதில் சொல்வார். அந்த ஒரு வரியை அவர் சொல்லும் விதத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் தனியாகத் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி வந்து விழும். இந்தப் படத்தில் அவர் சாகவில்லை. தன்னைச் சீரழித்த ராணுவத் தலைவனைத் தானே குத்திக் கொன்றுவிட்டு, தலை நிமிர்ந்து ரயிலிலிருந்து இறங்கிப் போகிறார்.

சம்பளத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அதற்கு முந்தைய வருடம் வந்த 'டாட்டர் ஆஃப் தி டிராகன்' படத்தின் கணக்கே போதும். நாயகி அன்னா மேக்கு 6,000 டாலர். ஜப்பானிய நடிகர் செஸ்யூ ஹயகாவாவுக்கு 10,000. சீனராக மேக்கப் போட்டுக்கொண்டு 23 நிமிடம் மட்டும் வந்துபோகும் வார்னர் ஓலண்டுக்கு 12,000.

'தி குட் எர்த்' விவகாரம் என்ன?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவருடைய வாழ்க்கையை இந்த ஒரு சம்பவத்துக்குள் அடைத்துவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

பெர்ல் பக் எழுதி 1931-ல் வந்த அந்த நாவல் சீன உழவர் குடும்பம் ஒன்றின் கதை. எம்.ஜி.எம். நிறுவனம் அதைப் பெரிய அளவில் படமாக்கத் தீர்மானித்தது. உழவனின் மனைவி ஓ-லான் வேடம் தனக்கு வரும் என்று அன்னா மே எதிர்பார்த்தார், பத்திரிகைகளும் எழுதின. கணவன் வேடத்துக்கு பால் முனியைப் போட்டார்கள். அவர் வெள்ளைக்காரர். அதோடு கதை முடிந்தது. கலப்பினக் காதலைத் தடுத்த தணிக்கை விதி எழுத்தில் வெள்ளையர் கறுப்பர் உறவைத்தான் குறிப்பிட்டது. ஸ்டூடியோக்கள் அதை ஆசியர்களுக்கும் நீட்டிப் பயன்படுத்தின. இரண்டு சீனப் பாத்திரங்கள், கணவன் மனைவி. ஆனால் ஒருவர் மேக்கப் போட்ட வெள்ளைக்காரர் என்பதால், சீனப் பெண் மனைவியாக நடிக்கக் கூடாது! சீன அரசுத் தரப்பிலிருந்தும் அவரைப் போட வேண்டாம் என்று ஆலோசனை வந்ததாகச் சொல்கிறார்கள். அவர் இதுவரை ஏற்ற வேடங்கள் சீனாவுக்கு அவமானம் என்பது அவர்கள் வாதம்.

ஓ-லானாக லூயிஸ் ரெய்னர் நடித்து, சிறந்த நடிகைக்கான ஆஸ்கரும் வாங்கினார். குடும்பத்தைக் கெடுக்க வரும் தாமரை வேடத்துக்கு அன்னா மேயைக் கூப்பிட்டார்கள். சீன ரத்தம் உள்ள எனக்கு, படத்திலேயே இரக்கத்துக்குரியதல்லாத ஒரே வேடத்தையா தருகிறீர்கள் என்று கேட்டு மறுத்துவிட்டார்.

பிறகு என்ன செய்தார்?

சீனாவுக்குக் கப்பலேறினார். 1936 ஜனவரி. வாழ்நாளில் அதுவரை அந்த நாட்டைப் பார்த்ததில்லை.

வரவேற்பும் கிடைத்தது, வசவும் கிடைத்தது. ஷாங்காயில் விருந்து வைத்தார்கள். ஹாங்காங்கில் இறங்கும்போது ஒரு கூட்டம் எதிர்த்துக் கோஷம் போட்டது. நாட்டைக் கேவலப்படுத்தும் வேடங்களில் நடிக்கிறாயே என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். நான் நடிக்காவிட்டால் அந்த வேடத்தை வேறொருவர் இன்னும் மோசமாகச் செய்வார் என்பது அவர் பக்கத்து நியாயம். அமெரிக்காவில் சீனப் பெண் என்று ஒதுக்கப்பட்டவர், சீனாவில் அமெரிக்கக்காரி என்று சந்தேகிக்கப்பட்டார். அவருக்குத் தெரிந்தது தென் சீனாவின் தைஷான் பக்கத்து வட்டாரப் பேச்சு. பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) உட்கார்ந்து மாண்டரின் படித்தார். அப்பா 1934-லேயே பூர்வீகக் கிராமத்துக்குத் திரும்பியிருந்தார். அங்கே போய் அவரோடு தங்கினார். கிராமத்துப் பெண்களில் சிலர், திரையில் வருவது மனுஷியே இல்லை, ஏதோ இயந்திரம் உண்டாக்கிய படம் என்று நினைத்திருந்தார்களாம்.

அந்தப் பயணத்தை ஒளிப்பதிவாளர் துணையோடு படம் பிடித்து வைத்தார். அது இருபது வருடம் கழித்து, 1957-ல், ஏ.பி.சி. தொலைக்காட்சியில் அவருடைய விளக்கத்தோடு ஒளிபரப்பானது.

நல்ல வேடமே அவருக்குக் கிடைக்கவில்லையா?

கிடைத்தது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. ஊர் திரும்பிய பிறகு பாரமவுண்ட் நிறுவனத்துக்குச் சில சின்னப் பட்ஜெட் படங்கள் செய்தார். 1937-ல் வந்த 'டாட்டர் ஆஃப் ஷாங்காய்' அதில் முக்கியமானது. ஆட்களைக் கடத்தி வரும் கும்பலால் அப்பாவைப் பறிகொடுத்த பெண், தானே வேஷம் மாறிப் போய் அந்தக் கும்பலைப் பிடிக்கிறாள். கூட வரும் அரசாங்கத் துப்பறிவாளராக கொரிய வம்சாவளி நடிகர் ஃபிலிப் ஆன். இருவரும் சின்ன வயது முதலே தெரிந்தவர்கள். கடைசியில் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், கல்யாணப் பேச்சோடு படம் முடிகிறது! 1937-ல் ஹாலிவுட்டில் இரண்டு ஆசிய முகங்களுக்கு அப்படி ஒரு முடிவு. 2006-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படத்தைச் சேர்த்தார்கள். 1939-ல் 'கிங் ஆஃப் சைனாடவுன்' படத்தில் அறுவைச் சிகிச்சை மருத்துவராக நடித்தார்.

போர்க்காலத்தில் இரண்டு படங்களின் சம்பளத்தை அப்படியே சீன நிவாரண நிதிக்குக் கொடுத்தார். தன் பட உடைகளை ஏலம் விட்டும் பணம் அனுப்பினார். ஆனாலும் 1943-ல் சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கின் மனைவி ஹாலிவுட் வந்து பெருங்கூட்டத்தில் பேசியபோது, மேடையில் நடிகைகள் வரிசையாக நின்றார்கள். அன்னா மேக்கு அழைப்பு இல்லை. இதைப் படிக்கும்போது எனக்கு 'தி குட் எர்த்' விவகாரத்தைவிட அதிகமாக வலிக்கிறது.

கல்யாணம் செய்துகொண்டாரா?

இல்லை. அவருடைய அந்தரங்கத்தைத் தோண்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் சட்டம் என்ன சொன்னது என்று தெரிந்துகொள்வது நல்லது. அவர் பிறந்த 1905-ம் வருடம்தான் வெள்ளையருக்கும் 'மங்கோலிய' இனத்தவருக்கும் இடையிலான திருமணம் செல்லாது என்று கலிபோர்னியா சட்டத்தில் சேர்த்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது 1948-ல். அப்போது அவருக்கு 43 வயது. சரி, சீனாவில் பிறந்த ஒருவரை மணந்திருக்கலாமே என்றால், குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையையே இழப்பாள் என்று 1922-ம் வருடச் சட்டம் சொன்னது. 1931 வரை அது அமலில் இருந்தது.

டிவியில் நடித்தாரா? அந்தத் தொடரைப் பார்க்க முடியுமா?

நடித்தார், பார்க்க முடியாது.

1951 ஆகஸ்டில் டூமான்ட் என்ற தொலைக்காட்சி நிறுவனம் 'தி கேலரி ஆஃப் மேடம் லியு-சோங்' என்ற அரைமணி நேரத் தொடரைத் தொடங்கியது. தலைப்பில் இருப்பது அவருடைய பிறவிப் பெயர். கலைப்பொருள் வியாபாரம் செய்யும் சீனப் பெண், அதோடு துப்பறிவும். ஆசிய அமெரிக்கர் ஒருவரை முதன்மைப் பாத்திரமாக வைத்த முதல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் இது. அந்த நவம்பரிலேயே நின்றுபோனது.

அந்தக் காலத்து நேரலை நிகழ்ச்சிகளைப் பாதுகாக்க ஒரே வழி, ஒளிபரப்பாகும் திரைக்கு எதிரே பிலிம் கேமராவை வைத்துப் பதிவு செய்வதுதான். டூமான்ட் 1956-ல் மூடப்பட்டது. கிடங்கிலிருந்த பதிவுகளில் பெரும்பகுதியை 1970-களில் லாரிகளில் ஏற்றி நியூயார்க் துறைமுகத் தண்ணீரில் கொட்டிவிட்டார்கள் என்று நடிகை ஈடி ஆடம்ஸ் 1996-ல் சாட்சியம் சொன்னார். அன்னா மேயின் தொடரில் ஒரு அத்தியாயம்கூட இன்று கிடைப்பதில்லை. செட்டில் எடுத்த சில புகைப்படங்களை வைத்துக்கொண்டுதான் அவர் எப்படி நடந்தார், எப்படிப் பேசினார் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது.

பிறகு 1950-களின் பிற்பகுதியில் சில டிவி நாடகங்களிலும் தொடர்களிலும் விருந்தினராக வந்தார். 1960-ல் 'போர்ட்ரெய்ட் இன் பிளாக்' படத்தில் வீட்டுப் பணியாளர் வேடம். பெரிய திரையில் அதுவே கடைசி.

எப்போது இறந்தார்?

1961 பிப்ரவரி 3, சான்டா மோனிகாவில், தூக்கத்தில் மாரடைப்பு. வயது 56. கல்லீரல் நோய் பல வருடமாகவே இருந்தது. 'ஃப்ளவர் டிரம் ஸாங்' படத்தில் ஒரு நல்ல வேடத்துக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஆசிய முகங்களே நிறைந்த பெரிய ஹாலிவுட் படம். உடல்நிலை இடம் தராமல் அது ஜுவானிடா ஹாலுக்குப் போனது.

1930-ல் வீட்டு வாசலில் கார் மோதி இறந்த அம்மாவின் கல்லறையில்தான் இவரையும் அடக்கம் செய்தார்கள். ஒரே கல். மேலே அம்மாவின் பெயர். பக்கத்தில் மகள்களின் பெயர்கள் சீன எழுத்தில் மட்டும். 'அன்னா மே வோங்' என்று தேடிப் போகிறவர்கள் அந்தக் கல்லைத் தாண்டி நடந்துபோய்விட வாய்ப்பு அதிகம்.

அந்த நாணயம் ஏன் முக்கியம்?

அமெரிக்கப் பணத்தில் இடம்பெற்ற முதல் ஆசிய அமெரிக்கர் அவர். பெண் சாதனையாளர்களுக்காக வெளியிட்ட வரிசையில் 2022-ன் ஐந்தாவது நாணயம் அது. குடிமகள்தானா என்று படிவம் நிரப்ப வைத்த அதே அரசாங்கம் அச்சிட்டது.

எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' பார்ப்பதற்கு எளிது, பேசும் படம். ஊமைப்படம் பழக்கமில்லாதவர்கள் அங்கே தொடங்கலாம். அடுத்து 'பிக்காடிலி'. பாத்திரம் தேய்க்கும் அறைக் காட்சி ஆரம்பத்திலேயே வந்துவிடும், தவறவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு 'தி டோல் ஆஃப் தி சீ'. ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கடைசிப் பகுதியின் பிலிம் தொலைந்துபோயிருந்தது. 1985-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தார் அதைச் சீரமைத்தபோது, அந்தக் காலத்து இரண்டு வண்ணக் கேமராவையே எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், அஸ்தமனத்தைப் படம் பிடித்து அந்த இடத்தில் ஒட்டினார்கள். நீங்கள் பார்க்கப்போகும் முடிவில் அன்னா மே இருக்க மாட்டார். அதே பச்சைக் கடலும் அலையும் மட்டும் இருக்கும்.